கேட்காமலே நூற்றுக்கு நூறு

சீனாவின் மலைப்பகுதியில் இருக்கும் எங்கள் ஷிகோ ஊரில் ஒரு ஆங்கிலப் பயிற்சி நிலையம் இருந்தது. படித்துப் புரிந்துகொள்வது, கேட்டுப் புரிந்துகொள்வது, இவை இரண்டும்தான் அங்கே பாடம். அங்கே படித்த யாருக்கும் ஆங்கிலம் புரிந்ததில்லை. பரீட்சையில் தோற்றவரும் யாரும் இல்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். யாரும் தோற்றதில்லை என்பதை அவர்களே சிவப்புத் துணியில் எழுதி வாசலில் கட்டியிருந்தார்கள். மற்றதை எழுதத் துணி போதவில்லை போலிருக்கிறது.

அந்த வாசலுக்கு நேர் எதிரே என் நூடுல்ஸ் கடை. பயிற்சிப் பிள்ளைகள் கிண்ணத்தில் ஒரு கண்ணும் கேள்வித்தாளில் ஒரு கண்ணுமாகச் சாப்பிடுவார்கள். மிளகாய் விழுதை அள்ளிப் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது, போட மறந்தாலும் தெரியாது. இதைவிட நல்ல வாடிக்கை எந்தக் கடைக்காரிக்குக் கிடைக்கும்? நான்பாட்டுக்கு என் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பெங் அண்ணன்தான் என்னை அந்த வாசலுக்குள் இழுத்துவிட்டார்.

பெங் அண்ணன் தானியக் கிடங்கில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சமையல் வேலைக்கென்று ஆஸ்திரேலியா போனான். அங்கே ஹெதர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினான், ஒரு குழந்தையைப் பெற்றான், இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து இப்போது ஷென்ஜென்னில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அப்பனுக்கு ஒரு கடுதாசி கிடையாது. கழிசடை! ஆனால் அந்த ஹெதர் தங்கமான பெண். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு, மகள் டெஸ்ஸாவைத் தாத்தாவோடு பேச விடுவாள்.

குழந்தை அந்தப் பக்கம் கடகடவென்று என்னவோ சொல்லும். அண்ணன் இந்தப் பக்கம் "ஹலோ" என்பார். குழந்தை எதையோ கேட்கும். அண்ணன் மறுபடியும் "ஹலோ" என்பார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"என்னமோ கேட்டுச்சு, தங்கச்சி," என்பார் ரிசீவரை வைத்துவிட்டு. "என்கிட்டதான் கேட்டுச்சு. நான் பதில் சொல்லல. பாவம், காத்துக்கிட்டு இருந்துச்சு."

சொல்லிவிட்டு நூடுல்ஸைத் தொடாமல் எழுந்து போய்விடுவார்.

"எதுத்தாப்புலயே பள்ளிக்கூடம் இருக்கு. போய்க் கேட்டா என்ன, கடிச்சா தின்னுடுவாங்க?" என்று ஒருநாள் நான்தான் சொன்னேன்.

போனார். நிலையத்தின் தலைவர் பெயர் லுவோ. எந்நேரமும் கையில் தேநீர்ப் புட்டி ஒன்றை வைத்திருப்பார். பேசுவதற்கு முன்னால் அதைத் திறப்பார், பேசி முடித்ததும் மூடுவார். குடித்து யாரும் பார்த்ததில்லை.

"எதுக்குப் படிக்கணும், பெரியவரே?"

"பேத்தி பேசறது புரியணும், சார்."

"புரியறதுக்கு எவ்வளவு மார்க்?"

"தெரியலியே, சார்."

"மார்க்கே கிடையாது. மார்க் இல்லாத எதையும் நாங்க சொல்லித் தர்றதில்ல. இது ஒழுங்கான நிறுவனம்."

புட்டி மூடப்பட்டது. அண்ணன் திரும்பி வந்தார். ஆனால் அடுத்த வாரமே கல்வித்துறையிலிருந்து ஒரு ஆணை வந்தது. சாகும்வரை கற்போம் என்பது இயக்கத்தின் பெயர். ஒவ்வொரு பயிற்சி நிலையத்திலும் முதியவர்கள் இருந்தே ஆக வேண்டும். ஆண் ஒன்று, பெண் ஒன்று. லுவோ தானே தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். ஆண் யார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். பெண்ணைத்தான் தேடினார். என் கையில் கரண்டி இருந்தது.

"எனக்கு எந்தப் பேத்தியும் ஆஸ்திரேலியாவுல இல்ல. ஆளை விடுங்க," என்றேன்.

பெங் அண்ணன் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். என்ன செய்வது? போய்த் தொலைந்தேன். இருவருக்கும் சிவப்புப் பட்டை போட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் கருவாடு மாதிரி இருந்தேன்.

முதல் வகுப்பில் லுவோ ஒலிநாடாவைப் போட்டார். ஒரு ஆணும் பெண்ணும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். லுவோ குச்சியால் அவர் மேசையைத் தட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"கேக்கறேன், சார்."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க," என்றார் லுவோ வருத்தத்தோடு. "நாடாவுல வர்ற ஆம்பள சொல்றது எதுவும் நடக்காது. அவன் நூலகத்துக்குப் போறேன்னா, நூலகம் மூடியிருக்கும். பஸ்ஸுல போலாம்னா, பஸ் போயிருக்கும். பொம்பள சொல்றதுதான் விடை. அதுலயும் 'ஆனா'ங்கற அர்த்தத்துல 'பட்'டுன்னு ஒரு சொல் வரும். அது வர்ற வரைக்கும் நீங்க தூங்கலாம்."

கிண்டலில்லை. திரும்பிப் பார்த்தேன். முப்பது பிள்ளைகளும் மேசைமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாடாவில் 'பட்' என்ற சத்தம் வந்ததும் முப்பது தலையும் ஒன்றாக நிமிர்ந்தன, முப்பது பென்சிலும் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கின, முப்பது தலையும் மறுபடி மேசையில் விழுந்தன. ராணுவம் தோற்றது போங்கள்.

அதுபோக நாலு விடைகளைப் பற்றிய சட்டம் வேறு இருந்தது. மூன்று விடை நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டைதான் சரி. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளம்தான் சரி. எல்லாம் ஒரே அளவென்றால் மூன்றாவது. இதைப் பாட்டாகக் கட்டி, தினமும் காலையில் எழுந்து நின்று எங்களைப் பாடவைத்தார்கள். நூடுல்ஸ் பிழியும்போதுகூட என் வாயில் அதுதான் வந்தது.

பெங் அண்ணன் பாட்டையும் பாடினார், யாருக்கும் தெரியாமல் நாடாவையும் கேட்டார். லுவோ எப்போதாவது சொல்லும் சீன அர்த்தங்களை ஒட்டுப்போட்டு ஏதோ கொஞ்சம் புரிந்துகொண்டார். புரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"தங்கச்சி, அந்த ஊரு சரியில்ல," என்றார் ஒருநாள் கடையில்.

"ஏன்?"

"எந்த நாடாவுல கேட்டாலும் எதையாவது தொலைச்சுட்டு நிக்கறாங்க. சாவி, கண்ணாடி, பர்சு. விமானம் ஒண்ணுகூட நேரத்துக்குக் கிளம்பல. பல்வலி வந்தா டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்றாரு. இந்த மாதிரி ஊருல சின்னக் குழந்தைய வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு தனியா என்ன பாடுபடுதோ!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கிண்ணத்தில் இன்னொரு முட்டையைப் போட்டேன். அவர் உண்மையாகவே கலங்கிப் போயிருந்தார்.

படிக்கும் வகுப்பில் அவருக்குப் பெரிய சங்கடம் வந்தது. அங்கே சட்டம் இன்னும் கடுமை. கேள்வியைப் படிக்கலாம், விடைகளை அளந்து பார்க்கலாம், கட்டுரையை மட்டும் படிக்கக் கூடாது. தாளை நிரப்புவதற்காக அச்சடித்தது அது என்பார் லுவோ. அண்ணன் அகராதியை மேசைக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டார். எஜமான் செத்தது தெரியாமல் ரயில் நிலையத்தில் காத்துக்கிடந்த நாய் ஒன்றைப் பற்றிய கட்டுரை. பரீட்சை நடுவில் விசும்பி அழுதார். மற்ற கேள்விகளுக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

விடுவார்களா? தன் குற்றத்தைத் தானே எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அண்ணன் எழுந்து நின்று வாசித்தார்.

"நான், பெங் ஷூலின், கட்டுரையை முழுவதும் படித்தேன். அதோடு நில்லாமல் புரிந்தும் கொண்டேன். நிலையம் என்மீது வைத்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்தேன். இனி ஒரு வரிக்கு மேல் படிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

"நாயைப் பத்தி ஒண்ணும் இல்லியே?" என்றார் லுவோ.

"நாய்க்காக அழுததும் தவறு," என்று சேர்த்துக்கொண்டார் அண்ணன். கைதட்டி மன்னித்தார்கள்.

இந்த அழகில் ஹெதரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். அண்ணன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லுவோவிடம் போனார். லுவோ உறையைப் பிரிக்கவே இல்லை.

"வெளிநாட்டுலேருந்து வர்ற கடிதத்துல நாலு விஷயம்தான் இருக்க முடியும். ஒண்ணு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால மருத்துவமனையில சேர்த்திருக்கு. ரெண்டு, உங்க மகன் எங்க இருக்கான்னு விசாரிக்கறாங்க. மூணு, அவங்க வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. நாலு, வர்றாங்க. இதுல எது குட்டை?"

"நாலாவது, சார்."

"வர்றாங்க. போய் வீட்டைப் பெருக்குங்க."

கொடுமை என்னவென்றால், அது சரியாகவே இருந்தது! கடிதத்துக்குள் விமானச்சீட்டின் நகல் இருந்தது, அதில் ஆகஸ்ட் என்று போட்டிருந்தது. ஊரே லுவோவின் காலில் விழாத குறைதான். பெங் அண்ணனுக்கு நாலு நாள் தூக்கமில்லை. குழந்தை வரப்போகிறது. நேரில் நின்று கேட்கப்போகிறது. இந்தத் தடவையும் "ஹலோ" என்று சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. அவருக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரே கவலைதான். பாட்டையும் நாடாவையும் விடாமல் உருப்போட்டார்.

அந்த மாதம்தான் ஒலிநாடாக் கருவி பழுதானது. பரீட்சைக்கு நடுவில் கரகரவென்று கத்திவிட்டு நின்றது. லுவோ பதறவில்லை. "எழுதுங்க," என்றார். எழுதினோம். எப்போதையும்விட மார்க் கூடுதலாக வந்தது. சத்தம்தான் இத்தனை நாளும் இடைஞ்சலாக இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அன்றிலிருந்து கேட்கும் வகுப்பில் எல்லோரும் அரைமணி நேரம் நிசப்தமாக உட்கார்ந்து விடை எழுதினோம். எனக்கு நூறு வந்தது. அண்ணனுக்கும் நூறு. "ஒரு சொல்லும் காதுல விழல, தங்கச்சி. எப்படி நூறு?" என்று திருதிருவென்று விழித்தார்.

கல்வித்துறைத் துணைத் தலைவர் ஜின் இதைப் பார்வையிட வந்தார். நிசப்தத்தை ஐந்து நிமிடம் கண்ணை மூடி ரசித்தார். பிறகு மேடையேறிப் பேசினார்.

"தோழர்களே, காது என்பது மிகப் பழைய உறுப்பு. அது எருமைக்கும் இருக்கிறது. ஆனால் கேட்காமலே விடை எழுதும் திறமை எருமைக்கு உண்டா? இல்லை. நான் இருபது ஆண்டுகளாக உயரதிகாரிகளின் அறிக்கைகளில் கையெழுத்திடுகிறேன். ஒன்றையாவது படித்திருப்பேனா? ஒன்றில்கூடத் தவறு வந்ததில்லை. அந்த அனுபவத்தைத்தான் இந்த நிலையம் இளைய தலைமுறைக்கு எடுத்துச் செல்கிறது!"

கைதட்டல் அடங்கவில்லை. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று ஊருக்கு வரப்போகிறது என்று யாரோ அவர் காதில் ஓதினார்கள். உடனே திட்டம் உருவாகிவிட்டது. நிகழ்ச்சியின் பெயர் 'உயிருள்ள ஒலிநாடா'. குழந்தை ஒரு வாக்கியம் பேசும். தாத்தா விடை எழுதுவார். துறையே நடத்தும் பரீட்சை. சரியான விடை முன்கூட்டியே அரக்கு வைத்த உறைக்குள் இருக்கும்.

"குழந்தை பேசறதுக்கு முந்தி விடை எப்படித் தெரியும்?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"கேள்வித்தாள் அப்பவே அச்சுக்குப் போயாச்சு, ஷாவ் அம்மா," என்றார் லுவோ. "குழந்தைக்காக அரசாங்க அச்சகத்தை நிறுத்தி வெக்க முடியுமா?"

அந்த நாளும் வந்தது. மாகாணத் தலைநகரிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்த பேருந்தில் ஹெதரும் குழந்தையும் இறங்கினார்கள். ஓடிப்போய்த் தூக்க இருந்த அண்ணனைத் தடுத்துவிட்டார்கள். தேர்வு எழுதுபவர் பரீட்சைக்கு முன்னால் ஒலிநாடாவைத் தொடக் கூடாதாம். பட்டாசு வெடித்தது. குழந்தையின் கையில் ஆரஞ்சு சோடா ஒன்றைக் கொடுத்தார்கள், குடித்து முடித்ததும் இன்னொன்று கொடுத்தார்கள். அப்படியே நேராக நிலையத்தின் அரங்கத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஹெதரை மரியாதையோடு பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். வெளிநாட்டு விருந்தாளியின் தரத்தையும் அறிய வேண்டும் அல்லவா? மணி அடிக்கும்வரை திறக்க மாட்டோம் என்று கதவை வெளியே தாழிட்டார்கள். அவள் பாஸ் மார்க் எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. "அடிப்படை பலவீனம்," என்று லுவோ அனுதாபத்தோடு சொன்னார். அந்தப் பெண் கட்டுரைகளைப் படித்திருக்கிறாள், வேறென்ன!

மேடையில் ஒரு பச்சைத் துணித்தட்டி. அதற்கு இந்தப் பக்கம் நாற்காலியில் அண்ணன், மார்பில் சிவப்புப் பட்டை, கையில் பென்சில். அந்தப் பக்கம் ஸ்டூலில் குழந்தை, முன்னால் ஒலிவாங்கி. ஒலிநாடாவுக்கு முகம் கிடையாது, அதனால் தேர்வு எழுதுபவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. எனக்கு முதல் வரிசை. எங்களுக்குக் குழந்தையும் தெரிந்தது, அண்ணனும் தெரிந்தார். அவர்கள் இருவருக்கும்தான் ஒருவரையொருவர் தெரியவில்லை.

லுவோ சைகை காட்டினார். குழந்தை மிரண்டுபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் சொன்னது.

"முதல் தடவை," என்று அறிவித்தார் லுவோ. "நாடா இரண்டு தடவை ஓடும்."

குழந்தை அதையே மறுபடி சொன்னது. இப்போது குரல் உயர்ந்திருந்தது. கால் இரண்டையும் பின்னிக்கொண்டது.

"இரண்டாம் தடவை. ஒலி தெளிவாக இருக்கிறது. குழந்தை சொன்னது என்ன? ஒன்று, அவள் வந்த பேருந்து மழையினால் தாமதமாகிவிட்டது. இரண்டு, அவளுடைய அம்மா சாவியைத் தொலைத்துவிட்டார். மூன்று, ஊர் அழகு. நான்கு, அவள் நாளைக்கு நூலகத்துக்குப் போக விரும்புகிறாள்."

அரங்கமே மனசுக்குள் நீளத்தை அளந்துவிட்டது. மூன்றாம் தடவையாகக் குழந்தை கத்தியது. "உஷ்!" என்று ஒரு பணியாளர் அதன் வாயில் விரலை வைத்தார். மூன்றாம் தடவைக்கு விதியில் இடமில்லை. அண்ணனின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது. நெற்றியில் வேர்வை. தட்டியையே வெறித்துப் பார்த்தார். கடைசியில், இத்தனை மாதம் பழக்கிய கை தானாகப் போய் மூன்றாவது வட்டத்தைக் கருப்பாக்கியது.

ஜின் உறையைப் பிரித்து உயர்த்திக் காட்டினார். மூன்று! அரங்கம் எழுந்து நின்றது. "தாத்தாவும் பேத்தியும் முழுமையாகப் புரிந்துகொண்டார்கள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் லுவோ. யாரோ ஜால்ராவை அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே பச்சைத் தட்டிக்கு அடியிலிருந்து ஒரு ஈரக்கோடு மெதுவாக ஓடிவந்து அண்ணனின் துணிச்செருப்பைத் தொட்டது.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மணி அடிக்கல, உக்காருங்க, பெரியவரே!" என்றார் லுவோ.

அண்ணன் தட்டியை ஒரே தள்ளாகத் தள்ளினார். ஸ்டூலில் குழந்தை தொப்பலாக நனைந்து, அவமானத்தில் முகம் சிவந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. அவர் பட்டையைக் கழற்றி வீசினார், சட்டையைக் கழற்றினார், அதில் குழந்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு அத்தனை அதிகாரிகளுக்கும் நடுவே வெற்று மார்போடு இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போது பக்கத்து அறையின் தாழ்ப்பாளையும் ஒரு தட்டுத் தட்டித் திறந்துவிட்டேன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்குக் கதவையே பெயர்த்திருப்பேன்.

சாயங்காலம் லுவோ அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஹெதர் என் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டிலில் சாய்ந்து உறங்கியிருந்தாள். அண்ணன் முற்றத்தில் குழாயடியில் குந்தி, குழந்தையின் கவுனை அலசிக்கொண்டிருந்தார். குழந்தை அவருடைய பழைய பனியனைப் பாதம்வரை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றது.

லுவோ தேநீர்ப் புட்டியைத் திறந்தார்.

"மணிக்கு முன்னாடி எழுந்ததால உங்க மார்க் ரத்தாகணும். துணைத் தலைவர் பெருந்தன்மையா விட்டுட்டாரு. ஒரே ஒரு கையெழுத்துப் போதும். குழந்தை சொன்னது மூணாவது விடைதான்னு."

"ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லியிருக்கா, சார். மூணு தடவ சொல்லியிருக்கா."

"அது நாலுல எதுலயும் இல்லியே?"

"இல்ல."

"அப்போ குழந்தை சொன்னதுதான் தப்பு."

அண்ணன் கவுனைப் பிழிந்து உதறினார். தண்ணீர் லுவோவின் கால்சட்டையில் தெறித்தது. வேண்டுமென்று செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

"எனக்கு முட்டையே போட்டுக்குங்க, சார்."

"பெரியவரே, யோசிங்க. விடைத்தாள் இல்லாம, இது பேசறதை நீங்க சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"தப்பாப் புரிஞ்சா அவளே சொல்லுவா, சார். உங்க டேப் சொல்லுமா?"

லுவோ புட்டியை மூடிக்கொண்டு போனார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயருக்கு எதிரே முட்டை போட்டிருந்தார்கள். ஒன்று பெங் ஷூலின். இன்னொன்று 'ஒலிநாடா'.

அன்று லுவோ போன பிறகு குழந்தை அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டது. அண்ணன் உள்ளே போய் ஒரு பேரிக்காய் கொண்டுவந்தார். குழந்தை இல்லை என்று தலையை ஆட்டியது. விசிறி கொண்டுவந்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இதுவும் தப்பா? சரி, சரி, இன்னொரு தடவ சொல்லு," என்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டுக்கொண்டே ஈரத் தரையில் அதன் முன்னால் மண்டியிட்டு, அதன் முகத்தையே பார்த்தார். அது சொன்னது. மறுபடியும் தப்பு. மறுபடியும் சொன்னது. கடைசியில் குழந்தை அவர் தோளில் தொற்றி ஏறிக்கொண்டு, மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு வாத்துகளைக் காட்டியது.

"வாத்தா!" என்று கத்தினார் பெங் அண்ணன். "தங்கச்சி, வாத்தைக் காட்டச் சொல்லிச்சு!"

அந்தக் கத்தலில் ஹெதர் விழித்துக்கொண்டாள். வாத்துகளும் பதிலுக்குக் கத்தின. அவர் குழந்தையை இறக்கவே இல்லை.